பல ஆண்டுகள் வானொலியில் பேசியவர் பாட்காஸ்ட் தொடங்கினால் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

குரலை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பேசும் பழக்கத்தில்தான் சில மாற்றங்கள் தேவை.

வானொலியில் நேயர்கள் பாதியில் வந்து சேருவார்கள். அதனால்தான் "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது..." என்று அடிக்கடி நினைவூட்டுகிறோம். பாட்காஸ்டைப் பெரும்பாலும் முதலிலிருந்தே கேட்கிறார்கள். அங்கே அது தடங்கல். அப்புறம், பலரும் இயர்போனில் கேட்கிறார்கள். மேடைக் குரல் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் பேசினால் போதும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள். 'ப' வரும்போது காற்று மோதி எழும் 'டப்' சத்தம் குறையும்.

பெரிய சிக்கல் பாட்டுதான். பாட்காஸ்ட் என்பது யாரும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பிரதி. பாட்டுகளுக்கு வானொலி நிலையம் வாங்கியிருக்கும் ஒலிபரப்பு உரிமம் பொதுவாக அதற்குச் செல்லாது. பழைய நிகழ்ச்சிப் பதிவுகளும் பெரும்பாலும் நிலையத்துக்கே சொந்தம். நீங்கள் பேசியதுதான் என்றாலும், எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வெளியிடுங்கள்.

தொழில்நுட்பம் எளிது. ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் ஹோஸ்டிங் சேவை ஒன்றில் உங்கள் கோப்பை ஏற்றினால், அது ஆர்எஸ்எஸ் ஓடை ஒன்றைத் தரும்; அதாவது, உங்கள் பகுதிகளின் பட்டியல் தானே புதுப்பிக்கப்படும் ஓர் இணைய முகவரி. பாட்காஸ்ட் செயலிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 2005இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட் வந்தபோதும் இதே வழிதான்.

உங்கள் பழைய நேயர்கள் பலருக்குப் பாட்காஸ்ட் என்ற சொல்லே புதிதாக இருக்கலாம். தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். தொட்டதும் ஒலிக்கும் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலைக் குரல்பதிவாகவே கேளுங்கள். அடுத்த பகுதியில் அவர்கள் குரலும் ஒலிக்கட்டும்.