சேகோ ஆலை வீட்டுப் பெண் பிளாஸ்டிக் படிக்கலாமா?

ஆத்தூர்ப் பக்கத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்திக்கொண்டு, மகளின் படிப்பு பற்றி எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

“பிளாஸ்டிக்கையே அரசாங்கம் தடை செய்துவிட்டது. மகளோ மட்கும் பிளாஸ்டிக் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான்கு வருடம் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாளோ?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி தேவையற்றது. மீதிப் பாதியை நானும் பகிர்ந்துகொள்கிறேன்.

தேவையற்ற பாதி இதுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்கள். சொட்டுநீர்க் குழாயும் கார் பம்பரும் மருத்துவமனைச் சிரிஞ்சும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைச் செய்கிறவர்களுக்குப் பாலிமர், அதாவது பிளாஸ்டிக்கின் அடிப்படைப் பொருள், தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும்.

இனி உங்கள் மகளின் ஆசைக்கு வருவோம். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்து இறங்கியதும் மாதிரி எடுத்து, எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தானே விலை பேசுகிறீர்கள்? அந்தப் பாயின்ட் காட்டுவது கிழங்கிலுள்ள மாவின், அதாவது ஸ்டார்ச்சின் அளவை. அந்த மாவுதான் அவள் படிக்க விரும்பும் துறையின் மூலப்பொருள். மரவள்ளியைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு நடுவே, திப்பி (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) வாடையில் வளர்ந்தவள் உட்காரப்போகிறாள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சேர்க்கைக்கு முன்னால் அவளை ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி கிளிசரின், ஒரு தேக்கரண்டி வினிகர். சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் பால்போல் இருந்தது கண்ணாடிக் கூழாக மாறும். அதைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிட்டால், உரித்து எடுக்கக்கூடிய ஒரு தாள் கிடைக்கும். கிளிசரின் இல்லாமல் செய்தால் அப்பளம்போல் நொறுங்கும். கிளிசரின் அளவு கூடிப்போனால் கையில் ஒட்டும். பிறகு அதன்மேல் தண்ணீர் தெளித்துப் பார்க்கட்டும். ஊறிக் குழைந்துபோகும். இந்தத் துறையின் மொத்தத் தலைவலியும் அந்தத் தட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள் என்றால் வேறு படிப்பு பார்க்கலாம். “இதை எப்படிச் சரிசெய்வது?” என்று கேட்டாள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

ஆலைகளிலும் இதே கதைதான், பெரிய அளவில். தண்ணீருக்குத் தாங்காது என்பதால் மாவை மட்டும் வைத்துப் பை செய்வதில்லை. மட்கும் தன்மையுள்ள வேறு பாலிமர்களோடு கலக்கிறார்கள். அப்படிக் கலக்கும் பி.பி.ஏ.டி. என்ற பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. ‘முழுக்க முழுக்கக் கிழங்கில் செய்தது’ என்று கடைக்காரர் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். இத்தாலியின் நோவாமான்ட் நிறுவனம் ‘மேட்டர்-பி’ என்ற பெயரில் இத்தகைய கலவையை நெடுங்காலமாக விற்கிறது. இன்னொரு வழியும் உண்டு: மாவைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதிலிருந்து பி.எல்.ஏ. என்ற மட்கும் பிளாஸ்டிக்கைச் செய்வது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நேச்சர்வொர்க்ஸ் நிறுவனம் மக்காச்சோளத்தில் இதைச் செய்கிறது. ஈரக்குப்பை போடும் பை, வயலில் விரிக்கும் மூடாக்குத் தாள், பார்சலுக்குள் அடைக்கும் நுரைக் கட்டிகள், முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கான இழை என்று இவற்றுக்குச் சந்தை இருக்கிறது.

ஆனால் சாதாரண பாலித்தீனைவிட விலை அதிகம். என் பயம் இங்கேதான். நம் ஊரில் மட்கும் பிளாஸ்டிக் மட்டுமே செய்யும் ஆலைகள் குறைவு. அதை மட்டும் நம்பி நான்கு வருடத்தைக் கொடுக்கக் கூடாது. பெயரிலேயே ‘பயோ’ என்று ஒட்டிக்கொண்டு வரும் புதிய பட்டங்களைக் கண்டு மயங்க வேண்டாம். இளநிலையில் பிளாஸ்டிக் அல்லது வேதிப் பொறியியலை முழுதாகப் படிக்கட்டும். மட்கும் பாலிமரை இறுதியாண்டு ஆய்விலும் முதுநிலையிலும் எடுத்துக்கொள்ளலாம். மட்கும் பிளாஸ்டிக்கில் வேலை கிடைக்கத் தாமதமானாலும் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வாகன உதிரிபாக ஆலையில் நுழைய அந்தப் பட்டம் போதும்.

கணிதம் எடுத்திருந்தால் சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. கல்லூரியில் ரப்பர்-பிளாஸ்டிக் தொழில்நுட்பம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம். கணிதம் இல்லையென்றாலும் கதவு மூடிவிடாது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, சிப்பெட்டில் பிளாஸ்டிக் பதப்படுத்தலும் பரிசோதனையும் குறித்த இரண்டு வருட முதுநிலைப் பட்டயத்தில் சேரலாம்.

பரிசோதனை என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரும் அதிகம் பேசாத வேலை அது. ‘உரமாகும் பை’ என்று விற்க வேண்டுமானால் ஐ.எஸ். 17088 தரத்தில் தேறி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏறத்தாழ 58 டிகிரி வெப்பமுள்ள உரக்குவியலில், 180 நாளுக்குள் பையின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியதா என்று அளக்கிறார்கள். வரப்போரம் வீசிய பைக்கு அந்தச் சூடு கிடைக்காது. அது அங்கேயே கிடக்கும். இந்த வேறுபாட்டைத் தாளில் நிரூபிக்கத் தெரிந்தவர்கள் ஆய்வகத்துக்கும் வேண்டும், சான்றிதழ் கேட்டு அலையும் ஆலைக்கும் வேண்டும். பொறுமையும் சுத்தமான கையெழுத்தும் உள்ள பெண் என்றால், இந்தப் பக்கம் திரும்பச் சொல்வேன்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் விண்ணப்பிப்பதற்கு முன் மகளோடு நேரில் போங்கள். வரவேற்பறை ஏசியில் உட்கார வைத்துப் பேசி அனுப்பப் பார்ப்பார்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லி, எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கிப் பிழியும்) இயந்திரத்தின்மேல் விரலை வைத்து இழுத்து, தூசி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஆலை நடத்துகிறவருக்கு ஓடும் இயந்திரம் எது, ஓடாத இயந்திரம் எது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.