அப்பாவின் டிஜோன் சுருள்கள்: தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். இப்போது அவர் இல்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் நான்கு சூப்பர் 8 (வீட்டு கேமராவில் படமெடுக்கும் சின்ன ஃபிலிம்) சுருள்களும் இரண்டு விஎச்எஸ் கேசட்டுகளும் இருந்தன. ஒரு சுருளின் டப்பாவில் ‘டிஜோன்’ என்று எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் நிறப் பந்தயக் கார் தெரிகிறது. தெரிந்தவர் மூலம் வந்த தரகர் ஒருவர், இது பிரான்சின் டிஜோன் நகரில் நடந்த 1979 கிராண்ட் பிரீ (ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம்), ஐந்து லட்சம் போகும் என்கிறார். 4கே தரத்தில் மாற்றவும் ‘உலக உரிமைப் பதிவு’ செய்யவும் 40,000 ரூபாய் கேட்கிறார். மாதிரிக்கு என்று ஒரு சுருளை எடுத்துப் போயிருக்கிறார். கேசட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் வேலை, அந்தச் சுருளைத் திரும்ப வாங்குவது. போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். ‘ஸ்கேனிங்கில் இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொன்னால், எந்தக் கடை, எந்த மெஷின் என்று கேட்டு அங்கேயே போய் நில்லுங்கள். இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ‘மாதிரிக்கு’ என்று போன சுருள்களில் பாதி வீடு திரும்பியதில்லை.

அடுத்து, அந்த ஐந்து லட்சம். டிஜோன் 1979 என்றதும் விஷயம் தெரிந்தவர்களுக்குக் கண் விரியும் என்பது உண்மை. 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ரெனோ (நம் ஊரில் ரெனால்ட் என்போம்) ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினோடு (வெளியேறும் புகையின் வேகத்தை வைத்தே கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தி கூட்டுவது) களமிறங்கியபோது மற்றவர்களெல்லாம் மூன்று லிட்டர் சாதா எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி எஞ்சின் புகைந்து நின்றதால் அந்தக் காருக்கு ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்றே பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1979 ஜூலை 1 அன்று, டிஜோன்-ப்ரெனுவா ஓடுதளத்தில் ழான் பியர் ழபூயி மஞ்சள் ரெனோவில் ஜெயித்தார். ஃபார்முலா ஒன்னில் டர்போ காரின் முதல் வெற்றி அதுதான். அவருக்குப் பின்னால், இரண்டாம் இடத்துக்காக ஃபெராரியின் ஜில் வில்நெவும் இன்னொரு ரெனோவில் ரெனே ஆர்னூவும் சக்கரத்தோடு சக்கரம் உரசிக்கொண்டு போட்ட சண்டையைத்தான் உலகம் இன்றும் பார்க்கிறது. வில்நெவ் கால் நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார்.

உங்கள் தரகர் விலை பேசுவது அந்தச் சண்டையை வைத்து. ஆனால் அது தொலைக்காட்சி கேமராக்கள் எடுத்தது, ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருப்பது. உங்கள் அப்பா ஒரே இடத்தில் நின்று எடுத்திருப்பார். டிஜோனில் ஒரு சுற்றுக்கு சுமார் 70 நொடி. மொத்தம் 80 சுற்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். சூப்பர் 8 சுருள் ஒன்றின் நீளம் 15 மீட்டர், வினாடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. கடைசிச் சுற்றுச் சண்டை அதில் விழுந்திருக்க வாய்ப்பு சொற்பம். அப்பாவின் சுருளுக்கு மதிப்பு வேறு விதத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி திரும்பிப் பார்க்காதவற்றை இப்படிப்பட்ட சுருள்களில்தான் பார்த்திருக்கிறேன்: எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்து நிற்கும் மெக்கானிக்குகள், டயர் அடுக்குகள், வேலியோரக் கூட்டம், மழைக்கோட்டோடு ஒரு குழந்தை. வரலாற்று ஆர்வலர்கள் இவற்றைத்தான் தேடுகிறார்கள். அதற்கு நன்றி கிடைக்கும், சில சமயம் ஓரளவு பணமும் கிடைக்கும். லட்சக்கணக்கில் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அது 1979தானா என்பதே முதலில் தெரிய வேண்டும். ரெனோ கார்கள் பல வருடம் 15, 16 என்ற எண்களிலேயே ஓடின. மஞ்சள் காரில் 15 என்று இருப்பதை வைத்து வருடம் சொல்ல முடியாது. சிவப்புக் காரைத் தேடுங்கள். மஞ்சள் கார் ரெனோதான் என்று உறுதியாகி, ஃபெராரியில் 11 அல்லது 12 இருந்தால் 1979. ஃபெராரியில் 27, 28 இருந்து, பிராபம் என்ற இன்னொரு அணியின் காரில் 5 இருந்தால் 1981. அந்த வருடம் டிஜோனில்தான் அலன் ப்ரோஸ்ட் முதல் வெற்றி பெற்றார், மழையால் பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். ஃபெராரி 27, பிராபம் 1 என்றால் 1984. பந்தயத்தில் ஃபெராரியே இல்லை என்றால் 1982. அது பிரெஞ்சு கிராண்ட் பிரீயே அல்ல, சுவிஸ் கிராண்ட் பிரீ. பெயர் சுவிட்சர்லாந்துடையது, ஓட்டம் டிஜோனில். ‘1979’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

‘உலக உரிமைப் பதிவு’ என்ற ஒன்று கிடையவே கிடையாது. அதற்குப் பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார். படைப்பு உருவான அன்றே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. அப்பா தன் கையால் எடுத்த படத்தின் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு வருகிறது. சுருளை விற்றாலும் உரிமை தானாகப் போய்விடாது, எழுதிக் கொடுத்தால்தான் போகும். அதனால்தான் இப்படிப்பட்ட தரகர்கள் நீட்டும் தாளில் ‘எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்ற வரி இருக்கும். இந்தியச் சட்டத்தில், எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். அந்தப் பாதுகாப்பைக் காலி செய்வதற்காகவே அந்த வரி. 40,000 ரூபாய் கொடுத்து உங்கள் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

கேசட்டுகளில் தொலைக்காட்சியிலிருந்து பதிந்தது இருந்தால் அது உங்களுடையது அல்ல. வீட்டில் பாருங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டாம். ஃபார்முலா ஒன் நிர்வாகம் 1981 முதலான காட்சிகளின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டிய அறை போல வைத்திருக்கிறது. அதற்கு முந்தையவை அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சிகளிடம் சிதறிக் கிடக்கின்றன. எனக்கு இதில் மனம் ஆறுவதே இல்லை. சொந்த அப்பா எடுத்த சுருளை ஏற்றிய குடும்பத்துக்கும் தானியங்கி மென்பொருள் ஒன்று ‘உரிமை மீறல்’ என்று நோட்டீஸ் அனுப்புகிறது. முறையீடு செய்தால் மனிதர் யாரும் பதில் சொல்வதில்லை. அப்படி வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். நீங்கள் எடுத்த படம் என்று எழுதி, சுருளின் புகைப்படத்தையும் இணைத்து விடாமல் மறுப்புத் தெரிவியுங்கள்.

இப்போது கறுப்பு வெள்ளைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதனால் நல்ல கேசட்டுகளைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேசட் பெரும்பாலும் கெடவில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) என்ற வண்ண முறையில் இயங்கியது, பிரான்ஸ் ‘செகாம்’ (SECAM) என்ற வேறு முறையில். பிரான்சில் பதிந்த கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் அசையாமல் தெளிவாக வரும், வண்ணம் மட்டும் வராது. ‘மல்ட்டி சிஸ்டம் டெக் இருக்கிறது, அதில் செகாம் என்று போட்டிருக்கிறது’ என்று கடைக்காரர் சொல்லலாம். வளைகுடாவிலிருந்து வந்த அந்த டெக்குகளில் இருப்பது மேற்காசிய செகாம். டேப்பில் வண்ணத்தைப் பதியும் விதமே பிரெஞ்சு டெக்கில் வேறு. அதிலும் கறுப்பு வெள்ளைதான் வரும். பிரான்சில் விற்ற செகாம் டெக்கே வேண்டும். ஆனால் அப்பா ஜெர்மனியில் இருந்த பிரெஞ்சு முகாமில் பணியாற்றி, ஜெர்மன் தொலைக்காட்சியிலிருந்து பதிந்திருந்தால் அது ‘பால்’, நம் டெக்கிலேயே வண்ணம் வந்திருக்கும். உங்களுக்கு வரவில்லை என்பதால் பிரான்சில் பதிந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். 2016-க்குப் பிறகு விஎச்எஸ் டெக் யாரும் தயாரிக்கவில்லை. ஓடுகிற பிரெஞ்சு டெக் வைத்திருக்கும் உறவினர் பாரிஸில் இருந்தால் அவரிடம் சொல்லி வையுங்கள். கடலோர ஈரத்தில் டேப்பின் ஓரம் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் எந்த டெக்கிலும் போடாதீர்கள்.

சுருளை ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது கடைக்காரர் ‘ஏஐ வைத்துத் துல்லியமாக்கித் தருகிறேன்’ என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கால டர்போ காரில் பெடலை விட்டதும் பின்னாலிருந்து ஒரு புகைக்கொத்தும் சில நேரம் தீப்பொறியும் கிளம்பும். அதைப் பார்த்துத்தான் ஆர்வலர்கள் காரையும் எஞ்சினையும் அடையாளம் காண்கிறார்கள். ‘இரைச்சல் நீக்கும்’ மென்பொருளுக்கு அந்தப் புகை அழுக்கு, துடைத்துவிட்டு நீல வானத்தை வைத்துவிடும். கார் மேல் எழுதிய பெயர்களை அர்த்தமில்லாத கோடுகளாக்கும். சுவரில் புரொஜெக்டரை ஓட்டி மொபைலில் எடுத்துத் தருவதும் வேண்டாம். ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து, சுருக்கப்படாத மூல கோப்பை ஹார்ட் டிஸ்கில் கேளுங்கள். எம்பி4 கோப்பு கூடுதலாக இருக்கட்டும். வினாடிக்கு 18 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டித் தந்தால் கார்கள் பேய் மாதிரி பறக்கும், அதையும் மறுத்துவிடுங்கள்.

ஃபிலிமின் ஓரத்தில் பழுப்பு நிறப் பட்டை இருந்தால் ஒலியும் பதிந்திருக்கிறது. அதையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தைத் தின்றுவிடுவதால் ரெனோவின் சத்தம் அமுங்கிக் கேட்கும், ஃபெராரி அலறும். கண்ணை மூடிக் கேட்டாலே எது எந்தக் கார் என்று தெரியும். சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், ஸ்கேன் செய்யத் தாமதிக்காதீர்கள். ஒலிப்பட்டை உள்ள சுருள்கள் இன்னும் சீக்கிரம் கெடும். வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் விமான நிலைய எக்ஸ்ரேயைப் பற்றிக் கவலை வேண்டாம். கழுவி முடித்த ஃபிலிமை அது ஒன்றும் செய்யாது. ஈயப் பை விற்க வருபவரை அனுப்பிவிடுங்கள்.

தரகரிடம் சுருளை வாங்கும்போது அதன் டப்பாவையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்தில் பிரான்சில் எடுத்த கோடக்ரோம் (கோடக் நிறுவனத்தின் வண்ண ஃபிலிம்) சுருளைக் கழுவி, தபாலில்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். உறை கூடவே இருந்தால் அதில் முத்திரையும் தேதியும் இருக்கலாம். அம்மா இருந்தால் அவர்களை உட்காரவைத்து, அப்பா எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டு அந்த டப்பாவிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.