பட்டாளத்தார் பதில்கள்: சால்வையை வாங்காத தாத்தா

(ராணுவத்துக்கு ரேஷனும் பிற பொருட்களும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் ஓட்டுநராகச் சேர்ந்து, நாயப் சுபேதாராக ஓய்வுபெற்ற வேலூர் மாவட்டத்துக்காரர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

அமெரிக்காவில் ராணுவ உடையில் ஒருவரைப் பார்த்தால், முன்பின் தெரியாதவர்கூட ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்கிறார்களாம். நம் ஊரில் ஏன் அந்தப் பழக்கம் இல்லை?
– ஒரு வாசகர், திருப்பூர்

இல்லை என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் அது வேறு உருவத்தில் வரும். “பட்டாளத்தாரே, கேன்டீனில் ஒரு குக்கர் எடுத்துத் தர முடியுமா?” என்பார்கள். ரம் வேண்டுமென்றால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

அமெரிக்கக் கதை வேறு. வியட்நாமுக்குக் கட்டாய ஆள்சேர்ப்பில் பிள்ளைகளைப் பிடித்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களில் பலரை ஊர் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றதும், போருக்குப் போவது சில வீடுகளின் பாடாகிவிட்டது. மற்ற வீடுகளுக்கு ஓர் உறுத்தல். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் படை போனபோது, அந்த உறுத்தல்தான் விமான நிலையங்களில் நன்றியாக வெளிவந்தது என்பது என் கணிப்பு. அந்த ஊர் முன்னாள் வீரர்களிலேயே அதை விரும்புகிறவர்களும் உண்டு, கூசிப்போகிறவர்களும் உண்டு.

வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே யார் யாருக்கு நன்றி சொல்வது?

என் தாத்தா 1987 முதல் 1989 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படையில் இருந்தவர். குடியரசு தினத்தன்று எங்கள் கல்லூரிக்கு அழைத்து, சால்வை போர்த்த ஏற்பாடு செய்தோம். ‘பனிமலையில் நின்று நம் எல்லையைக் காத்த மாவீரருக்கு நன்றி’ என்று அறிவித்ததும், ‘வேண்டாம்’ என்று எழுந்து போய்விட்டார். அதிலிருந்து அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நன்றி சொன்னது தவறா, ஐயா?
– கல்லூரி மாணவி, ஆம்பூர்

தவறில்லை அம்மா. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏது பனிமலை? பனைமரம்தான் உண்டு. அந்த அறிவிப்பை எழுதிக்கொடுத்தவர் உங்கள் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. நானும் அதே காலத்தில் அங்கே லாரி ஓட்டியவன். எனக்கு ஓடுவதைச் சொல்கிறேன்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்டில் நான் யாழ்ப்பாணத்தின் பலாலி விமானதளத்தில் இறங்கினேன். சாலையோரம் சனங்கள் திரண்டு நின்று மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். தமிழ் பேசும் சிப்பாய்களுக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சாப்காரனும் கூர்க்காவும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். என் ஆயுளில் நன்றி என்று மனதாரக் கிடைத்தது அந்தச் சில வாரங்கள்தான். அதுவும் நாங்கள் எதுவும் செய்வதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

அக்டோபர் 10-ஆம் தேதி புலிகளோடு சண்டை தொடங்கியது. ரேஷன் ஏற்றிக்கொண்டு பலாலியிலிருந்து கிளம்பினால், காலாட்படை முன்னால் நடந்து சாலையைச் சோதிக்கும்; நாங்கள் பின்னால் ஊர்ந்து போவோம். சின்னச் சின்ன மதகுகள்தான் பயம். அடியில் கண்ணிவெடி இருக்கிறதா இல்லையா என்பது முன்சக்கரம் தாண்டிய பிறகுதான் தெரியும். அந்தப் பயத்தைக்கூடப் பேசிவிடலாம். இன்னொரு வேலை இருந்தது, அதைத்தான் எங்களில் பலர் பேசுவதில்லை. தேடுதல் நடக்கும்போது தமிழ் தெரிந்தவனை லாரியிலிருந்து இறக்கி, மொழிபெயர்க்கச் சொல்வார்கள். ‘வீட்டில் ஆண்பிள்ளைகள் எத்தனை பேர், பெரியவன் எங்கே’ என்று அதிகாரி இந்தியில் கேட்பார். நான் தமிழில் கேட்பேன். வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உரும்பிராய்ப் பக்கம் ஒரு பாட்டி, “நீயும் தமிழன்தானே தம்பி?” என்றார். என்ன சொல்கிறாள் என்று லெப்டினன்ட் கேட்டார். “ஒன்றும் இல்லை சார்” என்றேன்.

அக்டோபர் 21-ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் இறந்தார்கள். நான் அங்கே இல்லை. ஆனாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், ‘சேவைக்கு நன்றி’ என்ற சொல்லை என்னால் நிமிர்ந்து வாங்கிக்கொள்ள முடியுமா? நம் பக்கமும் இழப்பு சிறிதல்ல. 1,100-க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கே விழுந்தார். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அறிவித்தார்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவர் பெயரை இங்கே எத்தனை பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

1990 மார்ச்சில் கடைசியாகத் திரும்பியவர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ‘தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது’ என்பது அவர் நிலை. அன்று தமிழ்நாட்டில் பாதிப்பேர் மனதில் இருந்ததும் அதுதான். நான் அதற்கு முன்பே விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். டீக்கடையில் ஒருவர், “தமிழனைச் சுட்டுவிட்டா வந்தாய்?” என்று கேட்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த விடுப்பில் அதே பெஞ்சில், “நீங்கள் அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்திருக்க வேண்டும்” என்றார்கள். சொன்னவர்களில் பழைய ஆளும் இருந்தார். இப்போது மூன்றாவதாகச் சால்வை வருகிறது. இது முதலில் கேட்டதற்கா, இரண்டாவதாகச் சொன்னதற்கா, எதற்கு என்று எங்களுக்கே விளங்காதபோது, மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பது எப்படி?

எல்லா முன்னாள் வீரர்களும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா மகன் 1999-இல் கார்கிலில் இருந்தவன். தோலோலிங் மலைமேல் எதிரி உட்கார்ந்திருந்த நாட்களில், கீழே சாலையில் முகப்பு விளக்கைப் போடாமல் இரவில் வண்டி ஓட்டியவன். ஒவ்வோர் ஆண்டும் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 வந்தால் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவான். சால்வைகளை மடித்து அடுக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. அந்தப் போரை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. யார் எதிரி என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. ஒரே ராணுவம், ஒரே சம்பளம், ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கொடுத்து வைத்தவன்.

இனி உங்கள் தாத்தா விஷயம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று இன்னொரு விழா வைத்துவிடாதீர்கள். கல்லூரி முதல்வரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதும் வேண்டாம். ஓய்வாக இருக்கும்போது, அங்கே ரேஷன் எப்படி வந்தது, என்ன சாப்பிட்டார்கள், எந்த ஊரில் முகாம் என்று கேட்டுப் பாருங்கள். ‘எத்தனை பேரைச் சுட்டீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள், படித்தவர்களும் கேட்கிறார்கள். பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அவர் உடம்பு இடம்கொடுத்தால் டெல்லிக்கு அழைத்துப் போங்கள். 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், இலங்கையில் இறந்த நம் ஆட்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலும் அவர்களுக்கு ஒரு நினைவிடம் உண்டு. சால்வை வேண்டாம் என்ற என் கூட்டாளிகள் சிலர் டெல்லிக்குச் சொந்தச் செலவில் போய், தங்கள் யூனிட் பெயர்களைத் தேடிப்பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

என் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கே போனாலும் அவருக்கு மரியாதை, நன்றி. பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைப் பார்த்து, நிலத்தையும் காப்பாற்றிய எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. இது நியாயமா?
– ஒரு இல்லத்தரசி, குடியாத்தம்

நியாயமே இல்லை. கேள்வியைப் படித்துவிட்டு என் மனைவி, “இந்தம்மாவுக்கு நான் பதில் எழுதுகிறேன்” என்றாள். பத்திரிகை தாங்காது என்று தடுத்துவிட்டேன். மணியார்டர் வரத் தாமதமான மாதங்களில் கடைக்காரரிடம் யார் பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

நன்றியைவிட அவசரமான ஒரு வேலை சொல்கிறேன். கணவரின் பென்ஷன் உத்தரவை, அதாவது பி.பி.ஓ.வை, இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் மனைவி என்று உங்கள் பெயர் இருக்கிறதா, எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். சேர்ந்த காலத்தில் யூனிட் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியதில் லட்சுமி ‘லச்மி’யாகவும், காமாட்சி ‘கமாசி’யாகவும் ஆகியிருப்பார்கள். அவர் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். அவர் நல்லபடியாக இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால், அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு (ரெக்கார்ட் ஆபீஸ்) எப்படி விண்ணப்பிப்பது என்று வழி சொல்வார்கள். ஆதார், திருமணச் சான்று, அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் மூன்றையும் நகலெடுத்துக்கொண்டு போங்கள். அவரையும் கையோடு கூட்டிப் போங்கள்; வரிசையில் அவரே நிற்கட்டும்.