கைக்குழந்தையோடு கல்லிடைக்கு விருந்துக்குப் போகுமுன்

வாசகி ஒருவரின் கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். மே மாதம் பாபநாசம், குற்றாலம் பக்கம் காரில் போகிறோம். கணவரோடு வேலை பார்ப்பவரின் அம்மா, கல்லிடைக்குறிச்சியில் தங்கள் வீட்டுக்கு ஒரு நாள் மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். மகனுக்கு 4 வயது, காரம் ஆகாது. மகளுக்கு 10 மாதம். தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா? குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம்? வேண்டாம் என்றால் அவர்கள் மனம் நோகுமே! பேசாமல் ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடலாமா?

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

தயங்காமல் போங்கள். குழந்தையின் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் வெகுநேரம் வெளியில் ஆறிக் கிடந்த சாப்பாடும், கொதிக்காத தண்ணீரும், கழுவாத கையும்தான். ஹோட்டல் குருமாவை எப்போது வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கல்லிடை வீட்டில் பன்னிரண்டு மணிக்கு வடித்த சோறு ஒரு மணிக்கு இலைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று. பிள்ளைகளுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். இலை போட்ட பிறகு சொல்லாதீர்கள். இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது வீரவநல்லூரில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். இலையில் எல்லாம் பரிமாறி முடித்த பிறகு, "இவன் காரம் தொடமாட்டான்" என்றேன். அந்த அத்தை ஒன்றும் பேசாமல் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். தனியாகப் பருப்பு வேகவைத்து, சோற்றைக் குழைத்து எடுத்து வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டபோது மணி மூன்றரை. முந்தின நாள் சொல்லியிருந்தால் ஒரு கரண்டி பருப்பைத் தனியாக எடுத்து வைப்பதோடு வேலை முடிந்திருக்கும்.

போனில் என்ன பேசுவது? "ஆச்சி, சின்னவளுக்குப் பத்து மாசம்தான் ஆகுது. உப்பு, காரம் போடுறதுக்கு முன்னால அவளுக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருங்க. பெரியவன் காரம் சாப்பிடமாட்டான். பன்னிரண்டரைக்கெல்லாம் வந்துருவோம்." இது போதும். எங்கள் ஊரில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "சோதி வைக்கட்டா, உளுந்தஞ்சோறு வைக்கட்டா?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது எதைச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

சோதி கேட்டால் தாராளமாகச் சரி என்று சொல்லுங்கள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது. அதில் புளியும் கிடையாது, மிளகாய்த்தூளும் கிடையாது. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுப்பார்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகும். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பைக் கடைந்து சேர்ப்பார்கள். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும். கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டுகிறபோதே இறக்கிவிடுவார்கள், இல்லையென்றால் பால் திரிந்துபோகும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிவது. உங்கள் மகளுக்கு, இஞ்சி மிளகாய் சேர்க்குமுன், இரண்டாம் பாலில் வெந்த காய் நாலு துண்டும் ஒரு கரண்டி பருப்பும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உப்பும் அதற்குப் பிறகே போடட்டும். ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு 1 கிராம் உப்புகூடத் தேவையில்லை. சூடான சோற்றோடு விரலால் நசுக்கிக் கொடுத்தால் பத்து மாதக் குழந்தைக்கு அது நிறைவான சாப்பாடு. முருங்கைக்காயில் சக்கையையும் விதையையும் எடுத்துவிட்டு, சதையை மட்டும் வழித்துக் கொடுங்கள். பெரியவனுக்குச் சோதியே போதும், மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டால் சரி. தொட்டுக்கொள்ள வைக்கிற இஞ்சிப் பச்சடி மட்டும் உங்களுக்கு.

உளுந்தஞ்சோறும் பிள்ளைகளுக்கு நல்லது. தொலி உளுந்து (தோல் நீக்காதது), அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய் சேர்த்து ஒன்றாக வேகவைப்பது. சோற்றில் மிளகாயே கிடையாது, காரமெல்லாம் எள்ளுத் துவையலில்தான் இருக்கும். உளுந்து வயிற்றில் கொஞ்சம் கனக்கும் என்பதால் சின்னவளுக்கு இரண்டு மூன்று வாய் போதும்.

இவற்றையெல்லாம் புறப்படும் முன்பே உங்கள் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தேங்காய்ப்பால், உளுந்து, எள், முந்திரி அரைத்தது என ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டு. ஒவ்வாமை இருந்தால் அது தெரியவேண்டிய இடம் உங்கள் மருத்துவர் பக்கத்தில் இருக்கிற சென்னைதான். போகிற இடத்தில் புதுச் சாப்பாடு எதையும் சின்னவளுக்கு முதல்முறையாகக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமை அதிகம். எனக்கும்தான். ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர்தான். "பிள்ளைக்கு வெந்நி இருக்கா?" என்று கேளுங்கள், எந்த வீட்டிலும் கிடைக்கும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்திருந்தால் போதும். பலரும் கவனிக்காதது மோர். தயிர் நல்லதாகவே இருக்கும், அதில் கலக்கிற தண்ணீர் பச்சைத் தண்ணீர். ஆகவே பெரியவனுக்கு மோருக்குப் பதில் கெட்டித் தயிர். துவையல், எலுமிச்சை ஜூஸ், பானகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நறுக்கி வைத்த பழத்தைவிட, நீங்களே உரித்துக் கொடுக்கிற கோழிக்கூடு வாழைப்பழம் மேல்.

சில விஷயங்களில் மட்டும் உறுதியாக இருங்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. பாபநாசம் மலைத்தேன் என்று ஆசையாக நாக்கில் தடவ வருவார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே தடைபடலாம். அரிதுதான், ஆனால் வந்தால் ஆபத்து. தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாகாது. அப்புறம் முழு வேர்க்கடலை, முந்திரி, முறுக்கு, சிப்ஸ் எதையும் சின்னவள் கைக்கு எட்டவிடாதீர்கள். பெரியவனுக்கும் கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள். மே மாதம் நுங்கு வரும். வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும் என்பதால் நசுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எப்படி மறுப்பது என்றால், பழியை எங்கள் மேல் போடுங்கள். "ஒரு வயசு முடியிற வரைக்கும் டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க ஆச்சி" என்றால் அதோடு பேச்சு முடிந்துவிடும். கூடவே, அவர்கள் வைத்ததில் குழந்தை சாப்பிடக்கூடிய ஒன்றை அவர்கள் கண் முன்னாலேயே ஊட்டுங்கள். முடிந்தால் ஆச்சி மடியில் உட்காரவைத்து அவரையே ஊட்டச் சொல்லுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு. குழந்தைக்கு இரண்டு வாய் ஊட்டிய மகிழ்ச்சியில் தேன் மறந்துபோகும்.

நீங்கள் எடுத்துப்போகும் டப்பாவில் அவித்த முட்டையோ கோழியோ இருந்தால் ஒன்று கவனியுங்கள். கல்லிடையில் சைவச் சாப்பாட்டு வீடுகள் நிறைய. கேட்காமல் திறக்காதீர்கள், அது உண்மையிலேயே மனதை நோகடிக்கும். பதினொன்றரை மணிவாக்கில் சின்னவளுக்குப் பால் கொடுத்துவிட்டால் இலையில் உட்காரும்போது அழமாட்டாள். அங்கே பால் கொடுக்க வேண்டி வந்தால் உள் அறையைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். மிஞ்சிய சோற்றைக் கட்டிக் கொடுப்பார்கள். மே மாத வெயிலில், காருக்குள் இருந்த சாப்பாட்டை ராத்திரி பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், பெரியவர்கள் மாலைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். (மே மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்காது, சீசன் ஜூனில்தான். பாபநாசம் அகஸ்தியர் அருவியை நம்பலாம்.)

பையில் ஓ.ஆர்.எஸ். பொடி இருக்கட்டும். கடையில் கிடைக்கிற இனிப்புச் சாறு டப்பா வேண்டாம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வயிற்றோட்டம் ஆனால் ஒவ்வொரு முறைக்கும் சின்னவளுக்கு 50 முதல் 100 மில்லி, பெரியவனுக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, துவண்டு கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய மருத்துவமனை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில். வண்டி வேண்டுமென்றால் 108.

கிளம்பும்போது "போறோம்" என்று சொல்லாதீர்கள், "போயிட்டு வாறோம் ஆச்சி" என்று சொல்லுங்கள். மறுநாள் காலையில் மறக்காமல் ஒரு போன் செய்து, பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள், வயிறு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சாப்பாடு ஒத்துக்கொண்டதோ இல்லையோ என்று அவர் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டே படுத்திருப்பார்.