எஃப்எம்இஏ ஒர்க்ஷீட்டைப் பழைய பதிவுகளிலிருந்து தானாக நிரப்பலாமா?

ஒரு மின்னணுப் பலகை, அதில் நூற்றுக்கணக்கான பாகங்கள். எஃப்எம்இஏ (FMEA) என்பது ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகலாம், அதனால் என்ன விளைவு என்று வரிசை வரிசையாக எழுதும் பகுப்பாய்வு. முந்தைய திட்டங்களின் எஃப்எம்இஏ வரிசைகள் ஒரு நூலகமாகக் கையில் இருக்கின்றன. பாக எண் பொருந்தினால் வரிசை முழுவதும் தானாக வந்து நிரம்பும்படி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி வரிசையை நிரப்பலாம். மறுபாதியைத் தொடாதீர்கள்.

பழுது வகை, அவற்றின் விகிதம், அடிப்படைக் காரணம் ஆகியவை பாகத்தின் இயல்பைச் சேர்ந்தவை. அமெரிக்க ராணுவத்தின் மில்-எச்டிபிகே-338பி கையேட்டில் ஃபிலிம் ரெசிஸ்டருக்கு ஓப்பன் (இணைப்பு அறுதல்) 59%, மதிப்பு மாற்றம் 36%, ஷார்ட் (குறுக்கிணைப்பு) 5% என்று இருக்கும். இதைப் பலகைக்குப் பலகை கையால் தட்டச்சு செய்வது பொறியாளர் வேலையே அல்ல.

விளைவு அப்படியல்ல, அதைப் பாகம் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. 12 வோல்ட்டை வாங்கி 2.5 வோல்ட் தரும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டைப் பகுத்து, ரெகுலேட்டர் அதைக் கண்காணிக்கும் ஃபீட்பேக் முனைக்கு அனுப்ப, வெளியீட்டுப் பக்கம் மேலே ஒன்றும் தரைப் பக்கம் கீழே ஒன்றுமாக இரண்டு ரெசிஸ்டர்கள். இரண்டும் 10 கிலோ ஓம், ஒரே பாக எண். கீழே இருப்பது ஓப்பன் ஆனால் வெளியீடு 1.25 வோல்ட்டுக்கு இறங்கும், பலகை எழாது, அவ்வளவுதான். மேலே இருப்பது ஓப்பன் ஆனால் ஃபீட்பேக் முனை தரையோடு சேர்ந்துவிடும். வெளியீடு போதவில்லை என்று ரெகுலேட்டர் ஏற்றிக்கொண்டே போகும். தனிப் பாதுகாப்பு இல்லையென்றால் ஏறத்தாழ 12 வோல்ட்டும் அடுத்திருக்கும் சிப்களின் தலையில் இறங்கும். உங்கள் நூலகத்துக்கு இரண்டும் ஒரே பதிவுதான்.

தீவிர மதிப்பெண் (விளைவு எவ்வளவு மோசம் என்பது) விளைவைத் தொடர்வது. கண்டறிதல் மதிப்பெண் (பழுதை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பது) உங்கள் சோதனை முறைகளைத் தொடர்வது. இரண்டையும் காலியாகவே விடுங்கள். தவிர, 2019இல் வந்த ஏஐஏஜி-விடிஏ (அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் துறை அமைப்புகள்) கையேடு, தீவிரம், நிகழ்வு, கண்டறிதல் என்ற மூன்று மதிப்பெண்களைப் பெருக்கும் ஆர்பிஎன் (RPN) என்ற இடர் எண்ணைக் கைவிட்டு, நடவடிக்கை முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டது. அதைப் பின்பற்றுபவர்களுக்குப் பழைய பெருக்குத்தொகைகளால் பயனில்லை.

வேறு இடத்துக்குச் செய்த பகுப்பாய்வைக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியன் 5 ராக்கெட்டைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. கிடைமட்ட வேகம் சார்ந்த ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்பது ஏரியன் 4இன் பாதைக்குச் சரியாக இருந்தது. ஆகவே அந்த எண்ணை 16 பிட்டாக மாற்றும் இடத்தில் பாதுகாப்பு வைக்கவில்லை. அதே மென்பொருள் வேகம் கூடிய ஏரியன் 5இல் ஏறியது, அங்கே அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று, புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாமல் ராக்கெட் சிதறியது.

செய்முறைக்கு வருவோம். பாக எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். பாக வகை, தொழில்நுட்பம், மின்சுற்றில் அதன் பணி மூன்றையும் சேர்த்து ஒரு தேடல் சாவி உருவாக்குங்கள். முழுமையாகப் பொருந்தியதை மட்டும் நிரப்புங்கள். அரைகுறைப் பொருத்தம் வேறு நிறத்தில், எந்தத் திட்டத்தின் எந்தத் தேதிப் பதிவு என்ற குறிப்புடன், பரிந்துரையாக மட்டும் தெரியட்டும். ஒருவர் பார்த்து ஒப்பும்வரை அது கணக்கில் சேரக்கூடாது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எக்செல்லில் செய்வதாக இருந்தால் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) என்ற தேடல் சூத்திரம் போதும், அது இயல்பாகவே துல்லியப் பொருத்தத்தைத்தான் தேடும். பழைய விலுக்கப்பில் (VLOOKUP) நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (FALSE) என்று கொடுக்க மறந்தால், தோராயப் பொருத்தத்தில் இறங்கி, ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் வேறு ஏதோ பாகத்தின் வரிசையைக் கொண்டுவந்து வைத்துவிடும்.