ஒற்றைப் பெடல்

அன்புள்ள சார்,

பிரிட்டிஷ் மெட்டல் குழு அயர்ன் மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன், காலால் மிதித்து அடிக்கும் பெரிய பாஸ் டிரம்மை ஒற்றைப் பெடலில்தான் வாசித்தார் என்று உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை. மெட்டல் என்றாலே இரண்டு காலும் பறக்க வேண்டாமா? அவருடைய டிரம் கிட் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கிறது, ஆளே தெரிவதில்லை. அவ்வளவையும் அடுக்கிவிட்டு ஒரு பெடலில் மட்டும் ஏன் சிக்கனம்? நான் ஒரு வருடமாக டிரம்ஸ் பழகுகிறேன். இரண்டு காலாலும் மிதிக்கிற டபுள் பெடல் வாங்கலாமா என்று யோசனை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நம்பலாம். 1982-இல் குழுவில் சேர்ந்தவர், ஒலிப்பதிவில் டபுள் பெடலைத் தொட்டது 2003-இல் வந்த ‘ஃபேஸ் இன் தி சாண்ட்’ என்ற ஒரே பாட்டுக்குத்தான்.

மெய்டனுடன் அவர் வாசித்த முதல் ஆல்பம் 1983-இல் வந்த ‘பீஸ் ஆஃப் மைண்ட்’. அதன் முதல் பாட்டில் பாஸ் டிரம்மை மட்டும் கவனித்துக் கேளுங்கள். இரண்டு கால் என்றுதான் சத்தியம் செய்வீர்கள். அத்தனையும் வலது கால். பெடலை மிதித்ததும் அதன் முனையிலுள்ள சுத்தி டிரம்மின் தோலில் மோதித் திரும்பும். அந்தத் திரும்புகிற வேகத்தை வீணாக்காமல் கணுக்காலால் அடுத்த அடியைப் போட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் முழுக்காலைத் தூக்கினால் தொடை விட்டுப்போகும்.

உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் மெய்டனின் பாஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸிடம் இருக்கிறது. மெய்டனின் அந்தக் குதிரை ஓட்டத் தாளத்தை அவர் பாஸ் கிட்டாரில் விரலாலேயே ஓட்டிவிடுகிறார். காலும் இடைவிடாமல் அதையே இடித்தால் எல்லாம் குழம்பிவிடும். ஸ்லேயர் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் கதை வேறு. 1986-இல் வந்த அவர்களுடைய ‘ரெய்ன் இன் பிளட்’ மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிகிற ஆல்பம். அந்த வேகத்துக்கு அவர்களுடைய டிரம்மர் டேவ் லொம்பார்டோவின் இரண்டு பாஸ் டிரம்கள் இல்லாமல் ஆகாது. நிக்கோவின் கோட்டைச் சுவர் கைகளுக்கானது. டாம் என்கிற கை டிரம்களை வரிசையாக உருட்டிக்கொண்டு இறங்குவார். கொஞ்சம் ஜம்பமும் உண்டுதான், மெட்டல் மேடையில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. அப்போது வயது 70. பெடல் மிதிக்கும் காலும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் மே மாதமே மேடைக்குத் திரும்பினார். வேகமான சில உருட்டல்களை விட்டுவிட்டு, தன்னால் முடிந்த விதத்தில் மாற்றி வாசித்தார். 2024 டிசம்பர் 7, சாவ் பாவ்லோவில் கடைசிக் கச்சேரி. அதோடு சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டார்.

சரி, உங்கள் பெடல். நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கினேன். இடது கால் ஒப்புக்குத்தான் ஆடியது, ஸ்லேயர் பாட்டு ஒன்றுகூடத் தேறவில்லை. வாங்குவதானால் வாங்குங்கள். ஆனால் இடது கால் அந்தப் பெடலுக்குப் போய்விட்டால் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தாளத்தட்டுகளைத் திறந்து மூட ஆள் இருக்காது. இப்போது அந்தக் கால் ஹை-ஹாட்டில் என்ன செய்கிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.