பிளாஸ்டிக் கதவின் பூட்டு உடைந்தால் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: எங்கள் வீட்டு வாசல் கதவு யுபிவிசி எனப்படும் பிளாஸ்டிக் சட்டக் கதவு. கைப்பிடியை மேலே தூக்கிய பிறகு சாவியைத் திருப்பினால்தான் பூட்டும். சில மாதங்களாகவே தூக்குவதற்குப் பலம் தேவைப்பட்டது. இப்போது கைப்பிடி தொளதொளவென்று தொங்குகிறது. சாவியும் பாதியில் நின்றுவிடுகிறது. பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டுமா? நானே செய்யலாமா?

பதில்: பெரும்பாலும் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. இவ்வகைக் கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் உலோகப் பட்டையில், கொக்கிகளும் உருளைகளும் பல இடங்களில் இருக்கும். அவை அனைத்தையும் இயக்குவது நடுவில், கைப்பிடிக்கு நேராக இருக்கும் கியர்பாக்ஸ். கைப்பிடியின் சதுரக் கம்பி நுழையும் வார்ப்பு உருளை அதற்குள்தான் சுழல்கிறது. அந்த உருளை விரிசல் விட்டாலோ, அதைத் திருப்பி நிறுத்தும் ஸ்பிரிங் முறிந்தாலோ, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படியே தோன்றும். பட்டை வளையாமல், கொக்கிகள் நன்றாக இருந்தால், பல மாடல்களில் கியர்பாக்ஸை மட்டும் தனியே வாங்கிப் பொருத்திவிடலாம்.

ஆனால் அதற்கு முன் அது ஏன் உடைந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். தூக்குவதற்குச் சில மாதங்களாகவே பலம் தேவைப்பட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான தகவல். கதவு தன் எடையால் சற்றுத் தொங்கிப்போனால் கொக்கிகள் நிலைச்சட்டத்தில் உள்ள குழிகளுக்கு நேராக வராமல் அவற்றின் விளிம்பில் இடிக்கும். நாம் கைப்பிடியில் கொடுக்கும் கூடுதல் பலம் முழுவதையும் கியர்பாக்ஸ்தான் தாங்குகிறது. இந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தில் எஃகைவிடப் பல மடங்கு விரிவடையும் என்பதால், நேர்வெயில் படும் கதவு பகலில் மட்டும் இறுகுவதும் உண்டு. நிலைச்சட்டத்தில் உள்ள குழிகளை விளக்கு பிடித்துப் பாருங்கள். கீழ்விளிம்பில் மட்டும் உலோகம் பளபளவென்று தேய்ந்திருந்தால் கதவு இறங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதிய கியர்பாக்ஸைப் போட்டால் அதுவும் விரைவில் உடையும்.

வேலையைக் கதவு திறந்திருக்கும்போது மட்டுமே தொடங்குங்கள். பூட்டிய நிலையில் சிக்கிக்கொண்ட கதவென்றால் அதை நெம்பாமல் பூட்டுத் தொழிலாளியை அழைப்பதே நல்லது. நெம்பினால் சட்டமே கீறிப்போகும். முதலில் கதவின் விளிம்பில், சாவித் துவாரத்துக்கு நேராக இருக்கும் நீண்ட ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். பிறகு சாவியை நுழைத்து மிகச் சிறிதளவு, கடிகார முள் ஓரிரு நிமிடம் நகரும் அளவுக்குத் திருப்பியபடி, சாவி நுழையும் பாகமான சிலிண்டரை வெளியே தள்ள வேண்டும். சிலிண்டரின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கு அதன் உடலோடு ஒன்றாக மறையும் கோணத்தில்தான் அது வழுக்கி வரும். வராவிட்டால் எதிர்ப்பக்கமாகச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அடுத்து, உட்பக்கக் கைப்பிடியின் மேலும் கீழும் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் இரண்டு கைப்பிடிகளும் சதுரக் கம்பியும் வந்துவிடும். கடைசியாகப் பட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி அதை மெல்ல வெளியே இழுத்து, கியர்பாக்ஸ் பட்டையோடு இணையும் இடத்தைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறுவது இனி வரும் அளவெடுப்பில்தான். பழைய கியர்பாக்ஸிலோ பட்டையிலோ பொறிக்கப்பட்ட தயாரிப்பாளர் பெயரையும் எண்ணையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பட்டையின் முன்முகத்திலிருந்து சாவித் துவாரத்தின் மையம் வரை அளவிடுங்கள். 28, 35, 45 மில்லிமீட்டர் ஆகியவை அதிகம் காணப்படுபவை. கைப்பிடிக் கம்பியின் சதுரத் துளையின் மையத்திலிருந்து சாவித் துவாரத்தின் வட்டப் பகுதியின் மையம் வரையுள்ள தூரமும் தேவை. பல கதவுகளில் அது 92 மில்லிமீட்டராக இருக்கும், என்றாலும் ஊகிக்கக் கூடாது. பட்டையின் அகலமும் (பொதுவாக 16 அல்லது 20 மில்லிமீட்டர்), கியர்பாக்ஸ் பெட்டியின் உயரமும் ஆழமும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் கைப்பிடித் துளைகள் நேராக வராது. கதவைக் குடைந்து சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். துளைகளை அகலப்படுத்தினால் கைப்பிடியின் பிடிமானம் தளர்ந்துவிடும்.

புதியதைப் பொருத்தும்போது கொக்கிகள் எல்லாம் உள்ளே மடங்கிய நிலையில் இருப்பதும், கியர்பாக்ஸ் திறந்த நிலையில் இருப்பதும் அவசியம். அசையும் பாகங்களில் லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். சாவித் துவாரத்தில் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைக்கும். அங்கு கிராஃபைட் தூள் போதும். எல்லா ஸ்க்ரூக்களையும் கையாலேயே முடுக்குங்கள். டிரில் கொண்டு இறுக்கினால் பட்டை வளைந்து, கியர்பாக்ஸ் சுலபமாகச் சுழலாமல் போகும்.

கதவைச் சாத்தாமல் கைப்பிடியைத் தூக்கிச் சாவியைப் பலமுறை திருப்பிப் பாருங்கள். சுலபமாக இயங்கியபின் சாத்திப் பாருங்கள். அப்போது மட்டும் இறுகினால் கோளாறு பூட்டில் இல்லை. கீல்களின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சரிசெய்யும் ஸ்க்ரூவை அறுகோண முனையுள்ள ஆலன் கீயால் கால் சுற்றாகத் திருப்பி, எல்லாக் கீல்களிலும் சம அளவு கதவை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் சாத்திப் பாருங்கள். கீலால் சரியாகாத அளவு தொங்கியிருந்தால், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள ஆப்புகள் நகர்ந்திருக்கக்கூடும். கண்ணாடியை எடுத்து அவற்றை மீண்டும் வைப்பது அனுபவசாலி செய்ய வேண்டிய வேலை.